பிஸ்சேஃப் ஃபைலுக்கு 2,800 வெள்ளி கொடுத்து ஏமாந்தேன், நீங்களும் மாட்டாதீர்கள்

சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் சின்னதாக ஒரு ஏர்கான் கான்ட்ராக்ட் கம்பெனி வைத்திருக்கிறேன், என்னையும் சேர்த்து ஒன்பது பேர். போன வருஷம் ஒரு மெயின் கான் (சைட் வேலை மொத்தத்தையும் எடுத்திருக்கும் பெரிய கான்ட்ராக்டர்), பிஸ்சேஃப் என்கிற வேலையிடப் பாதுகாப்புச் சான்றிதழில் லெவல் 3 இல்லாவிட்டால் சைட்டுக்குள் விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல வேலை, விட மனசில்லை. அந்த அவசரத்தில்தான் மாட்டினேன்.

தேக்காவில் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு கன்சல்டன்ட் வந்தார். நம்மூர் ஆள்தான், வாய்க்கு வாய் அண்ணே. "நீங்க ஒன்னும் பண்ண வேணாம்ணே, கையெழுத்து மட்டும் போடுங்க, மூணு வாரத்துல சர்டிஃபிகேட், ஆடிட்டரும் நம்ம ஆளுதான்." 2,800 வெள்ளி, முழுசும் முதலிலேயே. ரசீது கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வந்தது.

லெவல் 1 வகுப்பில் முதலாளியே போய் உட்கார வேண்டும், லெவல் 2-க்கு ரிஸ்க் மேனேஜ்மென்ட் படிக்கக் கம்பெனி ஆள் ஒருவர் போக வேண்டும். அதை நானும் என் சூப்பர்வைசரும் முடித்துவிட்டோம். ஆக அவர் வாங்கிய காசு லெவல் 3 ஆடிட்டுக்கான ஃபைலுக்கு மட்டும், அதாவது எங்கள் ஒவ்வொரு வேலையிலும் என்ன ஆபத்து, அதை எப்படித் தடுப்பது என்று எழுதும் ரிஸ்க் அசெஸ்மென்ட். அந்த ஃபைலும் ஆடிட்டுக்கு முதல் நாள் ராத்திரிதான் கைக்கு வந்தது. நல்ல தடிமன், பார்க்க அழகாக இருந்தது, நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது என் தப்புதான்.

மறுநாள் வந்த ஆடிட்டர் ஒரு சீனப் பெண்மணி, மெதுவாகப் பேசுபவர். நாலு பக்கம் புரட்டிவிட்டு, "உங்களிடம் ஃபோர்க்லிஃப்ட் எத்தனை?" என்றார். எங்களிடம் இருப்பது ஒரு லாரி, நாலு ஏணி. இன்னும் சில பக்கம் தள்ளி, அடியில் ஏதோ கிளீனிங் கம்பெனியின் பெயர் அழிக்காமல் அப்படியே இருந்தது. நாங்கள் நிஜமாகச் செய்கிற வேலைக்கு, அதாவது ஜன்னலுக்கு வெளியே இறங்கி அவுட்டோர் யூனிட் மாட்டுவது, காப்பர் பைப்பை கேஸ் வைத்துப் பற்றவைப்பது, இதற்கெல்லாம் தலைக்கு ஒரே வரிதான் எழுதியிருந்தது: 'கவனமாக இருக்கவும்.' அப்புறம் ரிஸ்க் அசெஸ்மென்ட் பற்றி ஊழியர்களுக்கு விளக்கியதாக ஒரு கையெழுத்துத் தாள், தேதி ஜூன் மாதம். அதில் கையெழுத்துப் போட்டிருந்த ஒரு பையன் மார்ச்சிலேயே வேலையை விட்டுப் புதுக்கோட்டைக்குப் போய்விட்டான்.

அவர் வெளியே போய் எங்கள் பையன் ஒருவனிடம், ஏணியில் ஏறுமுன் என்னவெல்லாம் பார்ப்பாய் என்று கேட்டார். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

ஆடிட் ஃபெயில். கன்சல்டன்டுக்குப் போன் போட்டால் முதலில் "அந்த அம்மா ரொம்ப ஸ்ட்ரிக்ட்ணே", அடுத்த நாள் "மறு ஆடிட்டுக்கு 900 ஆகும்ணே", அதற்கப்புறம் வெறும் நீல டிக்.

காசு போனதைவிட எனக்குப் பயம் வேறு இடத்தில். ரிஸ்க் அசெஸ்மென்ட் சர்டிஃபிகேட்டுக்காக மட்டும் செய்கிற காரியமில்லை, 2006-லிருந்து சட்டப்படி முதலாளியின் கடமை, அதன் பதிவுகளை மூன்று வருஷம் வைத்திருக்கவும் வேண்டும். நாளைக்கே ஒருவன் விழுந்தால் மனிதவள அமைச்சு வந்து எடுப்பது அந்த ஃபைலைத்தான், அதில் இருப்பது என் கையெழுத்து. அண்ணே என்று கூப்பிட்டவர் எங்கேயும் இல்லை.

கன்சல்டன்ட் வைப்பது தப்பில்லை. ஆனால் உங்கள் சைட்டுக்கு ஒரு தடவைகூட வராமல் ஃபைல் தருகிறேன் என்பவருக்குப் பத்து வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். ஆடிட் நிறுவனத்தை மனிதவள அமைச்சு அங்கீகரித்த பட்டியலிலிருந்து நீங்களே எடுத்து, பணத்தையும் நேரே அவர்களிடமே கட்டுங்கள். ஆடிட்டர் நம்ம ஆள் என்று எவராவது சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

கடைசியில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பையன்களோடு உட்கார்ந்து ரிஸ்க் அசெஸ்மென்ட்டைத் தமிழிலேயே பேசி எழுதினோம். பழைய பிராக்கெட் உள்ளுக்குள் துருப்பிடித்திருந்தால் மேலே பெயின்ட் மறைத்துவிடும், யூனிட்டைக் கழற்றும்போதுதான் தெரியும் என்று ஒருவன் சொன்னான். பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதை எங்கேயும் எழுதி வைத்ததில்லை. இரண்டாவது ஆடிட்டில் பாஸ், மூன்று வருஷத்துக்குச் செல்லும். அந்த மெயின் கான் வேலை அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டது.

ரசீது இல்லாவிட்டாலும் பேநவ்வில் (போன் வழியாகப் பணம் அனுப்புவது) கட்டிய பதிவு இருக்கிறது, அதை வைத்து ஸ்மால் கிளெய்ம்ஸ் தீர்ப்பாயத்தில் கேஸ் போட்டிருக்கிறேன். கேஸ் முடியும்வரை அவர் பெயரைக் கேட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள்.