இலவச சீட்டா, அரசுக் கல்லூரியா?

பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் படித்த என் அக்கா மகள் கபடியில் ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே ஒரு தனியார் கல்லூரியின் பி.டி. சார் வீடு தேடி வந்துவிட்டார். பீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எதற்கும் காசு வேண்டாம், பெண் விளையாடினால் போதும் என்றார். இன்னொரு வழி, தருமபுரி அரசு கலைக் கல்லூரி.

பணக்கணக்கில் தனியார்தான் பெரிது என்று தோன்றும். ஆனால் அரசுக் கல்லூரியில் பீஸே சொற்பம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் எங்கே சேர்ந்தாலும் வரும். அது விளையாட்டுக்கான கூலியும் இல்லை.

தனியாரில் நிஜமாகவே கண்ணை இழுப்பது மேட், கபடி ஆட விரிக்கும் மெத்தைத் தளம். ஊரில் மண்தரையில் ஆடிப் பழகிய பிள்ளை மேட் மேல் ஏறினால் முதலில் வழுக்கும். தினமும் மேட், தினமும் கோச் என்பதற்கு ஈடாக அரசுக் கல்லூரியில் எதையும் சொல்ல முடியவில்லை.

சரி, மூட்டு போனால்? இதே மாதிரி இலவச சீட்டில் சேர்ந்த, எங்களுக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு இரண்டாம் வருடத்தில் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. மூன்றாம் வருடப் பீஸைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். ஒப்பந்தம் எல்லாம் வாய்ப்பேச்சுதான். அரசுக் கல்லூரி சீட்டு முழங்காலை நம்பி இல்லை.

விளையாடும் மாணவருக்குக் காசே கிடைக்கும் இடமும் உண்டு. அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் கல்லூரி மாணவ வீரர்கள் தங்கள் பெயர், படத்தை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-26 முதல் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாகவே வருடத்துக்கு மொத்தம் சுமார் 2.05 கோடி டாலர் வரை பிரித்துக் கொடுக்கலாம். அங்கே டிவி வருமானம் கொட்டுகிறது. அதிலும் பெரும்பங்கு ஆண்களின் அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. இங்கே டிவி இல்லை, பிளெக்ஸ் உண்டு. மெடல் வாங்கிய பிள்ளையின் முகம் அட்மிஷன் சீசனில் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தொங்கும். அதற்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு டீ கூடக் கிடைக்காது.

முதலமைச்சர் கோப்பையில் ஜெயித்தால் பரிசுப்பணம் நேராக விளையாடியவருக்கு. எந்தக் கல்லூரி என்பது அதில் கணக்கில்லை.

என் ஓட்டு அரசுக் கல்லூரிக்கு. அக்காவுக்கு மேட் மேல் ஆசை. அதனால் பி.டி. சாரிடம் மூன்று விஷயத்தை எழுதிக் கேட்டோம்: அடிபட்டாலும் சீட்டு தொடர வேண்டும், ஒரிஜினல் மார்க் ஷீட்டைப் பிடித்து வைக்கக் கூடாது, படம் போட்டால் சொல்லிவிட்டுப் போட வேண்டும். மேனேஜ்மென்டிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். அரசுக் கல்லூரிக்கு அன்று ராத்திரியே விண்ணப்பித்துவிட்டோம்.