மரானாவா மவுண்டன் ஹோமா, கூடப் போவதா இங்கேயே இருப்பதா: ஆகாயப்படைக் குடும்பங்களுக்கு ஓர் அலசல்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அன்றிரவு ஒரு தாளின் நடுவே கோடு கிழித்தோம். இடப்பக்கம் ‘எல்லோரும் போவது’, வலப்பக்கம் ‘அவர் மட்டும் போவது’. என் கணவர் ஆகாயப்படையில் விமானப் பராமரிப்புப் பணியில் இருக்கிறார். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்துக்கு மாற்றல் வந்திருந்தது. மூத்தவள் தொடக்கநிலை 1இல் படித்துக்கொண்டிருந்தாள். இளையவனுக்கு மூன்று வயது. பத்தே நிமிடத்தில் வலப்பக்கம் நிரம்பிவிட்டது: என் வேலை, அம்மாவின் முழங்கால் வலி, தமிழ்ப் பாடம், வீட்டுக் கடன், கார் ஓட்டத் தெரியாதது. இடப்பக்கத்தில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘பிள்ளைகள் அப்பாவோடு இருப்பார்கள்’. அந்த ஒரு வரிக்காகப் போனோம். இரண்டரை ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பினோம்.

இப்போது அதே தாளை எடுத்தால் வேறு மாதிரி எழுதுவேன். மாற்றல் கடிதத்தோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்றே எழுதுகிறேன்.

பயிற்சிக்காக நம் ஆகாயப்படையினர் போகும் இந்த இரண்டு ஊர்களும் அமெரிக்கப் பாலைவனத்தில் இருக்கின்றன. எந்தப் பாலைவனம் என்பதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எஃப்-15எஸ்ஜி விமானம் என்றால் ஐடஹோவின் மவுண்டன் ஹோம். 2009 முதல் நம் படைப்பிரிவு அங்கே இருக்கிறது. அப்பாச்சி ஹெலிகாப்டர் என்றால் அரிசோனாவின் மரானா. 730 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான நம் தீவில் போர் விமானம் விரிந்து பறக்க வானம் போதாது. மவுண்டன் ஹோம் இருக்கும் எல்மோர் வட்டாரம் மட்டுமே சிங்கப்பூரைப் போலப் பத்து மடங்கு. அங்கே வாழும் மக்களோ முப்பதாயிரத்துக்கும் குறைவு. அந்தக் காலியிடத்துக்காகத்தான் நாம் போகிறோம். ஆனால் பாலைவனம் என்ற ஒரே சொல்லைக் கேட்டுவிட்டு இரண்டு ஊருக்கும் ஒரே பெட்டியைக் கட்டிவிடக்கூடாது. நாங்கள் ஐடஹோவில் இருந்த அதே காலத்தில் கணவரின் நண்பர் குடும்பம் மரானாவில் இருந்தது. வாரம் ஒருமுறை அவர் மனைவியோடு பேசுவேன். இருவரும் பாலைவனத்தில் இருந்தோம் என்பதைத் தவிர எங்கள் பேச்சில் பொதுவாக எதுவும் இருந்ததில்லை.

மரானா, நாம் மனத்தில் வரைந்து வைத்திருக்கும் பாலைவனம். இரண்டு ஆள் மூன்று ஆள் உயரத்துக்குக் கைகளைத் தூக்கி நிற்கும் சவாரோ கள்ளிகள், ஜூன் வந்தால் 40 டிகிரி வெயில். டூசான் நகரம் பக்கத்திலேயே இருக்கிறது. குளிர்காலம் இதமானது, டிசம்பரில் பிள்ளைகள் வெளியில் விளையாடலாம். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை அங்கேயும் பருவமழைக் காலம். முதலில் புழுதிப் புயல் சுவர்போல எழுந்து வரும். பின்னால் இடியும் வெள்ளமும். ஓடைப் பள்ளங்களில் தண்ணீர் பாயும்போது காரை இறக்கக்கூடாது என்பதுதான் அங்கே புதிதாக வருபவர்களுக்குச் சொல்லித்தரும் முதல் பாடம். நண்பரின் மனைவி ஒவ்வொரு இரவும் புற ஊதா விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருவார். அந்த ஒளியில் தேள் பச்சையாக மின்னும். காலையில் காலணியைத் தட்டாமல் பிள்ளைகள் கால் நுழைக்க மாட்டார்கள்.

தேளைவிட நான் அஞ்சுவது பள்ளத்தாக்குக் காய்ச்சலுக்குத்தான். தெற்கு அரிசோனா மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் வித்துகள் புழுதியோடு மூச்சில் புகுந்து வரும் நோய் இது. காய்ச்சல், விடாத இருமல், வாரக்கணக்கில் தீராத அசதி. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனாலும் சிலருக்கு முற்றிவிடும், கர்ப்பிணிகள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் திரும்பிய பிறகு இருமல் நிற்காவிட்டால், மருத்துவரிடம் அரிசோனாவில் இருந்ததைக் கட்டாயம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் இங்கே யாருக்கும் அந்தப் பூஞ்சை நினைவுக்கு வராது.

மவுண்டன் ஹோம் வேறு உலகம். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலப் பாலைவனம். கள்ளி கிடையாது, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சாம்பல் பச்சை நிறத்தில் முழங்கால் உயரப் புதர். ஜூலைப் பகலில் 35 டிகிரியைத் தாண்டும். அன்றிரவே போர்வை தேவைப்படும். ஜனவரியில் உறைநிலைக்குக் கீழே இறங்கிவிடும். ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வந்தால் நாள்கணக்கில் சன்னலைத் திறக்க முடியாது. வெயிலுக்குத் தயாராகப் போன எங்களைக் குளிர்தான் வாட்டியது.

இரண்டு ஊருக்கும் பொதுவானது வறட்சி ஒன்றுதான். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மவுண்டன் ஹோமில் அதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலையில் மகனின் தலையணை உறையில் வெள்ளிக்காசு அளவுக்கு ரத்தக் கறை. காற்று உலர்ந்து மூக்கின் உட்புறம் வெடித்திருந்தது. அன்றே ஈரப்பதமூட்டும் கருவி ஒன்றை வாங்கிப் படுக்கையறையில் வைத்தோம். அதே காற்றில் முறுக்கு டப்பாவை மூடாமல் மறந்துவிட்டாலும் ஒரு வாரத்துக்கு நமத்துப்போகாது. துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். இட்லி மாவு மட்டும் டிசம்பரில் புளிக்க மறுத்தது. ஓவன் அடுப்புக்குள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு, மாவுப் பாத்திரத்தை இரவு முழுவதும் உள்ளே வைத்தால் பொங்கிவிடும் என்று பக்கத்து வீட்டுச் சிங்கப்பூர்க்காரர் சொல்லிக்கொடுத்தார். பச்சைக் கறிவேப்பிலையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் பூச்சி அதன் வழியே வரும் என்பதால் அமெரிக்காவுக்குள் தடை.

தளத்துக்குப் பக்கத்திலா, நகரத்திலா

ஐடஹோவுக்குப் போகும் குடும்பங்கள் அதிகம் விவாதிப்பது இதைத்தான். மவுண்டன் ஹோம் சிற்றூரில் சுமார் 16,000 பேர். அங்கிருந்து விமானத்தளம் கால் மணி நேரப் பயணம். இன்னொரு பக்கம், 65 கிலோமீட்டர் தள்ளி மாநிலத் தலைநகரான போய்சி. அங்கே குழந்தைகளுக்கான மருத்துவமனை, பல்கலைக்கழகம், ஆற்றங்கரைப் பூங்கா, இந்திய மளிகைப் பொருள்கள் எல்லாம் உண்டு. உட்லண்ட்ஸில் நாம் பார்க்கும் மைக்ரான் தொழிற்சாலையின் தலைமையகமே போய்சியில்தான் இருக்கிறது. அதனால் பொறியாளர் வேலைக்கு வந்த இந்தியக் குடும்பங்களையும், நடுவே தமிழ்க் குடும்பங்களையும் பார்க்கலாம்.

போய்சிதான் வேண்டும் என்று நான் உறுதியாக இருந்தேன். முதல் ஆண்டு அங்கேதான் குடியிருந்தோம். அதை இப்போது தவறான முடிவு என்றே சொல்வேன்.

காரணம் சாலை. கணவர் ஒரு வழிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓட்ட வேண்டியிருந்தது. அதிகாலை முறை என்றால் மூன்றரைக்கு எழுந்திருப்பார். கோடையில் பரவாயில்லை. டிசம்பரில், நெடுஞ்சாலையில் நிறமே தெரியாத பனிக்கட்டிப் படலம் இருக்கும். ஈரத் தார்ச்சாலை போலத்தான் கண்ணுக்குத் தெரியும், அதன்மேல் ஏறிய பிறகுதான் சக்கரம் வழுக்குவது புரியும். இரவுப் பறப்பு முடிந்து அவர் வரும் நாள்களில் கார் வெளிச்சம் சன்னல் திரையில் விழும் வரை நான் படுத்ததில்லை. எந்த வரிக்காகக் குடும்பத்தோடு வந்தோமோ அந்த வரியைச் சாலை தின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் விழித்திருக்கும் நேரத்தில் அப்பா வீட்டில் இருந்தது வாரத்துக்கு இரண்டு நாள்.

இரண்டாம் ஆண்டு மவுண்டன் ஹோமுக்கு மாறினோம். கடைகள் குறைவு, பொழுதுபோக்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் இருந்தன. கணவர்மார் பயிற்சிக்காக வேறு மாநிலம் போய்விட்ட ஒரு வாரத்தில் மகனுக்குக் காது வலி வந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா காரை எடுத்தார். எதிர்வீட்டுச் சீனத் தோழி மகளைப் பள்ளிப் பேருந்திலிருந்து இறக்கி, சோறு போட்டு, வீட்டுப்பாடமும் செய்ய வைத்திருந்தார். போய்சியில் நல்ல மருத்துவமனை பத்து நிமிடத்தில் இருந்தது. அழைத்துப்போக ஆள் இருந்ததில்லை. மவுண்டன் ஹோமிலும் சிறிய மருத்துவமனை இருக்கிறது, காதுவலிக்கு அது போதும். குழந்தைக்குத் தொடர் சிகிச்சை தேவைப்படும் குடும்பம் என்றால் மட்டும் போய்சியைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களுக்கு என் பதில் மவுண்டன் ஹோம்தான்.

சனிக்கிழமைகளில் அரைமணி நேரம் ஓட்டினால் புரூனோ மணற்குன்றுகள் வந்துவிடும். சுமார் 140 மீட்டர் உயரம். பிள்ளைகள் ஏறுவதும் உருண்டு இறங்குவதுமாக இருப்பார்கள். இரவானால் அங்கே வான்நோக்குக் கூடமும் உண்டு. ஈசூனில் விண்மீன் எண்ணிப் பார்த்திராத என் மகள் அங்கேதான் பால்வீதியைப் பார்த்தாள்.

மரானாவில் தளமா நகரமா என்ற சங்கடம் குறைவு. டூசானின் புறநகர்போல அமைந்திருப்பதால் ஊரும் நகரும் அருகருகே. கோயில் வேண்டும் என்பவர்களுக்கு ஃபீனிக்ஸுக்குத் தெற்கே மேரிகோப்பாவில் மகா கணபதி கோயில் இருக்கிறது. மரானாவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் பயணம். இந்த ஒரு விஷயத்தில் நண்பர் குடும்பத்தைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன்.

அவர் மட்டும் போனால்?

பாலை நிலத்துக்குப் பிரிவை உரிப்பொருளாக வைத்தார்கள் நம் முன்னோர். கடல் கடந்து போகிறவன் மனைவியை உடன் அழைத்துப் போகும் வழக்கமில்லை என்றும் பழைய இலக்கணம் சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் கூடப் போகாமல் இருப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றைப் புறந்தள்ள மாட்டேன்.

செம்பவாங்கில் இருக்கும் தோழி அப்படித்தான் முடிவெடுத்தார். மகன் தொடக்கநிலை 5. அடுத்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ. தாதி வேலையை விட்டால் அதே நிலையில் திரும்பச் சேர முடியாது. கணவரின் விசாவோடு நமக்கு வேலை அனுமதி தானாகச் சேர்ந்து வருவதில்லை என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தார். மாமியார் கூடவே இருந்தார். அவர் எடுத்தது சரியான முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன். அதற்கு அவர் கொடுத்த விலையையும் பார்த்திருக்கிறேன். ஐடஹோவுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் 15 மணி நேர வித்தியாசம், கோடையில் 14. அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆண்டு முழுவதும் 15. அப்பா வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு அழைத்தால் இங்கே மறுநாள் காலை பத்து, பதினொன்று. பையன் வகுப்பில் இருப்பான். வார நாள்களில் பேசவே முடியாது. சனிக்கிழமை காலையில் மட்டும், தோசைத் தட்டுக்கு எதிரே தண்ணீர்க் குவளையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து அப்பாவும் மகனும் பேசுவார்கள்.

பிள்ளையின் வகுப்புதான் இதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. தொடக்கநிலை 3 முடிவதற்குள் திரும்பிவிட முடியும் என்றால் தயங்காமல் எல்லோரும் போங்கள். தொடக்கநிலை 5, 6இல் பிடுங்கி நடாதீர்கள். இடையில் இருப்பவர்கள் தமிழை வைத்து யோசியுங்கள்.

என் மகள் பள்ளியில் நீண்ட விடுப்பு பெற்றுப் போய்த் தொடக்கநிலை 4இல் திரும்பிச் சேர்ந்தாள். அங்கே கணிதம் பின்தங்கியது. மூன்று மாதத்தில் சரிசெய்துவிட்டோம். ஆங்கிலம் வளர்ந்தது. தமிழ் மட்டும் கேட்கப் புரியும், படிக்க முடியும், நான்கு வரி எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும் என்ற நிலை. இத்தனைக்கும் இங்கிருந்து பாடநூல்களையும் பயிற்சி நூல்களையும் வாங்கிப் போயிருந்தோம், தினமும் இரவுச் சாப்பாட்டின்போது ஒரு பக்கம் உரக்கப் படிக்க வைத்தேன். எழுத வைக்கத் தவறிவிட்டேன். வெளிநாட்டில் நீண்ட காலம் இருந்து திரும்பும் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்குக் கேட்டுப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம் என்று பலர் சொன்னார்கள். கேட்கவில்லை. அந்த வழி தேவைப்படும் குடும்பங்கள் இருக்கலாம். இரண்டரை ஆண்டு இடைவெளிக்காக என் மகளின் தமிழை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பாட்டிக்கு வாரம் ஒரு கடிதம் என்று இப்போது எழுதுகிறாள். ஐந்தாறு வரி வருகிறது.

முடிவெடுத்தவுடன் முதலில் பள்ளிக்குப் போய் விடுப்புக்கு விண்ணப்பியுங்கள். இடம் காத்திருக்கும், கட்டணம் மட்டும் கட்டிவர வேண்டும். அமெரிக்கப் பள்ளி ஆகஸ்டில் தொடங்குகிறது, நம்முடையது ஜனவரியில். ஜூன், ஜூலையில் கிளம்பி டிசம்பரில் திரும்பும்படி அமைந்தால் பிள்ளைக்கு அலைச்சல் குறையும். அடுத்து வீடு. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் (பெரும்பாலான வீடுகளுக்கு ஐந்தாண்டு) முடிந்த குடிமக்கள்தான் வீவக வீடு முழுவதையும் வாடகைக்கு விடலாம். அது முடியாதவர்கள் கழகத்திடம் முன்கூட்டியே பேசுங்கள். மூன்றாவது, கார். இரண்டு ஊரிலும் மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாவிட்டால் பால் வாங்கக்கூடக் கணவருக்காகக் காத்திருக்க வேண்டும். முதல் நான்கு மாதம் நான் அப்படித்தான் இருந்தேன். உரிமம் இல்லாதவர்கள் மாற்றல் பேச்சு வந்த வாரமே ஓட்டுநர் பயிற்சி நிலையத்தில் பதிந்துவிடுங்கள்.