பிராட்பி பார்க்கக் கண்டிக்கு: ஏ-1 வீதியா, குருநாகல் வழியா?

கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரினிட்டிக் கல்லூரியும் 1945 முதல் மோதிவரும் பிராட்பி றக்பி கேடயத்துக்கு இரண்டு ஆட்டங்கள், ஒன்று கொழும்பில், மற்றது கண்டியில். மொத்தப் புள்ளிதான் கணக்கு. அதனால் கண்டி ஆட்டத்தைத் தவறவிட மனம் வராது.

கொழும்பிலிருந்து கண்டிக்கு ஏ-1 வீதி ஏறக்குறைய 115 கிலோமீற்றர். பஸ்யாலை தாண்டியதும் கஜுகமவில் பெண்கள் வீதியோரம் கஜு விற்பார்கள். வானை நிறுத்தாமல் போனால் பின்சீற்றில் கலகம்தான். ஆனால் கேகாலை, மாவனல்லை நெரிசல் பொறுமையைச் சோதிக்கும். கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டினால், முதல் பாதியை ரேடியோவில் கேட்க வேண்டியதுதான்.

மற்றது, 2022இல் திறந்த மீரிகம–குருநாகல் அதிவேகப் பாதை. சுமார் 40 கிலோமீற்றர் வழுக்கிக்கொண்டு போகும், பார்க்க ஒன்றுமில்லை. மீரிகம வரை போய்ச் சேருவதுதான் பாடு, தூரமும் கூட. ஆட்டம் கண்டி நகருக்கு வெளியே பல்லேகலையில் என்றால் இதுவே என் தெரிவு: கலகெதர வழியாகக் கட்டுகஸ்தோட்டையில் இறங்கி, நகர நெரிசலுக்குள் சிக்காமலே மைதானத்துக்குப் போகலாம். திரும்பும்போது அவசரமில்லை, ஏ-1இல் வாருங்கள். வென்றவர்களின் பப்பரே வாத்தியம் மாவனல்லை வரை கூடவே வரும்.