பாலும் சீனியும் இல்லாத கோப்பி: திருகோணமலைக் கடைகளில் எது தேறும், எது தேறாது

பாலையும் சீனியையும் நிறுத்தச் சொன்ன பிறகும் கோப்பியை விட மனமில்லாதவர்கள் முதலில் தேடி ஓடுவது பாலுக்கு ஒரு மாற்றை. காசை அங்கே கொட்டாதீர்கள், தூளில் போடுங்கள். கடைத்தெருவில் விற்கும் தூளில் பலதும் கருகும்வரை வறுத்தது. டின்பாலும் இரண்டு கரண்டி சீனியும் விழுந்தால் அந்தக் கருகல் நாக்குக்குத் தெரியாது. வெறும் கோப்பியாகக் குடிக்கும்போதுதான் தூளின் வண்டவாளம் வெளியே வரும்.

மில்லில் வறுத்து அரைத்துத் தரும் தூளுக்கே முதலிடம். காரணம், கொட்டையைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். கடும் கபில நிறத்தில், மேலே எண்ணெய் மினுங்காமல் இருந்தால் நல்லது. கறுத்து எண்ணெய் கசிந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அரைக்கும்போது ரவைப் பருமனில் நிறுத்தச் சொல்ல வேண்டும். வழக்கமாகத் தருவது மாப்போன்ற தூள். அது சாடியில் அடியில் தங்கட்டும் என்று அரைப்பது. கோப்பி வடிக்கும் வடியில் போட்டால் அடைத்துக்கொண்டு, தண்ணீர் இறங்காமல் நின்று, கசப்பை முழுக்க இழுத்துவிடும்.

மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து அரைத்த தூள் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை தராது. பாலில்லாத கோப்பிக்கு அந்த மணம் ஒரு துணைதான். ஆனால் எவ்வளவு கலந்தது என்று கேளுங்கள், கோப்பி விலைக்கு மல்லி வாங்கத் தேவையில்லை. பைக்கற் தூளில் சந்தேகம் இருந்தால் ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீரில் அரைத் தேக்கரண்டி தூவிப் பாருங்கள். கோப்பி கொஞ்ச நேரம் மிதக்கும், நிறம் மெதுவாக இறங்கும். கோப்பியோடு கலக்கும் வேர்த்தூளான சிக்கரி உடனே தாழும். தாழும்போதே கபிலக் கோடுகள் கீழே இழுபடும். சிக்கரி விஷமல்ல, ஆனால் அதற்குக் கோப்பி விலை கொடுப்பது வீண்.

100 கிராமுக்கு மேல் ஒரேயடியாக வாங்காதீர்கள். கடற்காற்றில் திறந்த பைக்கற் சீக்கிரம் ஈரம் பிடித்துக் கட்டியாகிவிடும், மணமும் போய்விடும். இறுக்கமான மூடி போட்ட போத்தலில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்து வைத்து எடுத்தால் உள்ளே வேர்க்கும்.

உடனடிக் கோப்பியில் கோப்பி மட்டுமே உள்ள போத்தல் அவசரத்துக்கு உதவும். மூன்றும் ஒன்றாகக் கலந்த சாஷே உங்களுக்கல்ல. பல சாஷேகளின் உள்ளடக்கப் பட்டியலில் சீனியே முதலில் நிற்கும்.

இனி ஊற்றும் முறை. ஒரு கப்புக்கு 180 மில்லிலீற்றர் தண்ணீர், 12 கிராம் தூள். தராசில்லை என்றால் மேல்தட்டி வழித்த இரண்டரை மேசைக்கரண்டி. கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் குடிக்கும் தண்ணீரையே பாவியுங்கள். கொதித்ததும் இறக்கி அரை நிமிடம் பொறுத்து, வடியில் போட்ட தூள் முதலில் நனையுமளவுக்கு மட்டும் விட்டு, 30 செக்கன் கழித்து மிச்சத்தை மெதுவாக ஊற்றுங்கள். மூன்று நிமிடத்தில் இறங்கி முடிய வேண்டும். ஐந்து நிமிடம் போனால் தூள் பொடி, ஒரு நிமிடத்தில் ஓடினால் தூள் பருமன்.

கசக்கிறதென்று தூளைக் குறைப்பதுதான் பலரும் செய்வது. அதனால் கசப்பு கூடும். அதே அளவு தண்ணீர் கொஞ்சத் தூளிலிருந்து கடைசிச் சாறுவரை இழுத்தெடுக்கும். இலேசாக வேண்டுமென்றால் முழு அளவில் ஊற்றி, பிறகு சுடுதண்ணீர் கலந்துகொள்ளுங்கள். ஆறியதைத் திரும்பக் கொதிக்க வைப்பதை அடியோடு மறந்துவிடுங்கள்.

கொலஸ்திரோல் காரணமாகப் பத்தியத்தில் இருப்பவர்கள் கடதாசி வடியே பாவிக்க வேண்டும். வடிக்காத கோப்பியில் இருக்கும் கஃபெஸ்டோல் என்ற எண்ணெய்ப் பொருள் கெட்ட கொலஸ்திரோலைக் கூட்டும்; கடதாசி அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். துணி அந்தளவுக்குப் பிடிக்காது. சாடியில் போட்டு மேல்தண்ணீரை ஊற்றிக் குடிக்கும் நம்மவர் பழக்கத்தில் ஒன்றுமே பிடிபடாது.

பால் மாற்றில் நம் குசினியிலேயே இருப்பதுதான் தேறுகிறது: தேங்காய் முதற்பால். துருவிய தேங்காய் 100 கிராம், இளஞ்சூட்டுத் தண்ணீர் 60 மில்லிலீற்றர், பிசைந்து இறுக்கிப் பிழிந்து மெல்லிய துணியில் வடியுங்கள். கப்புக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். கப்பிப்பால் கோப்பியைத் தண்ணீராக்கிவிடும். அந்த இரண்டு கரண்டியில் ஏறக்குறைய 60 கலோரி இருக்கும், அதிலும் பெரும்பகுதி நிறைகொழுப்பு. கொலஸ்திரோல்காரர்கள் ஒரு கரண்டியோடு நிற்கட்டும்.

அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, பால் திரிந்து மேலே துகள் துகளாக மிதக்கிறது என்பது. தேங்காய்ப்பாலின் புரதம் சூட்டையும் புளிப்பையும் ஒன்றாகத் தாங்காது. கோப்பியைக் குடிக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, கப்பில் பாலை முதலில் ஊற்றி, அதன்மேல் கோப்பியை நூலாக விட்டுக் கலக்கினால் அனேகமாகத் திரியாது. பாலைக் கொதிக்க வைக்காதீர்கள், கை பொறுக்கும் சூடு போதும். காலையில் பிழிந்ததை மத்தியானம் ஊற்றினால் இந்த வெயிலுக்குப் புளித்திருக்கும், என்ன செய்தாலும் திரியும். தூளின் இனமும் பார்க்க வேண்டியது. அரபிக்காவை விட ரொபஸ்டாவில் புளிப்புக் குறைவு, ஆகவே தேங்காய்ப்பாலோடு நன்றாகச் சேரும். ஆனால் கஃபீன் அரபிக்காவில் சுமார் 1.2 வீதமென்றால் ரொபஸ்டாவில் 2.2 வீதம். நெஞ்சு படபடப்பவர்கள் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

தேங்காய்ப்பால்மா வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். முன்பக்கத்தில் தேங்காய்ப் படம், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் சோடியம் கேசினேட். அது பசுப்பால் புரதம். பாலில் உள்ள சீனியான லக்ரோஸ் மட்டும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது பாலேதான். கூடவே மோல்டோடெக்ஸ்ட்ரின் என்றிருந்தால் அது இரத்தச் சீனியை ஏற்றும் மாப்பொருள். ‘பாலற்ற கிறீமர்’ என்று விற்பதிலும் இதே இரண்டையும் தேடிப் பாருங்கள். பெட்டியில் வரும் திரவத் தேங்காய்ப்பால் இதைவிட மேல், கெட்டிப்படுத்தும் பசை சேர்ப்பதால் திரிவதும் குறைவு.

சோயாப்பாலில் சீனி சேர்க்காதது என்று எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள். ஓட்ஸ் பாலுக்கு விலை கூட. சீனி போடாவிட்டாலும் தயாரிப்பிலேயே மாப்பொருள் உடைந்து மோல்ட்டோசு என்ற சீனி உண்டாகிவிடும். நீரிழிவுக்கு அது பொருந்தாது.

இனிப்புக்குக் கறுவா. இரண்டு சென்ரிமீற்றர் துண்டைத் தண்ணீரோடு மூன்று நிமிடம் கொதிக்க விட்டு அதே தண்ணீரில் கோப்பி ஊற்றினால், இனிப்பில்லாமலே இனிப்பின் சாயல் வரும். கசப்பு மிஞ்சினால் விரல்நுனியில் ஒட்டுமளவு உப்பு அதை அமுக்கும். பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் சீனிதான், கடித்துக்கொண்டு குடித்தாலும் சீனிதான். இனிப்பு மாத்திரைகள் சிலவற்றில் நிரப்பியாக லக்ரோஸ் இருக்கும், போத்தலைத் திருப்பிப் படியுங்கள்.

வெளியே குடிப்பதென்றால் தேத்தண்ணிக் கடையில் ‘வெறும் கோப்பி’ என்று மட்டும் சொன்னால் சீனி போட்டே வரும். ஊற்றுவதற்கு முதல் “அண்ணை, சீனி வேண்டாம்” என்று சொல்லுங்கள். ஒவ்வாமை இருந்தால் கரண்டியையும் கவனியுங்கள், பால்தேத்தண்ணியைக் கலக்கிய கரண்டிதான் உங்கள் கப்புக்குள்ளும் வரும். உப்புவெளிப் பக்கம் சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகளில் தேங்காய்ப்பால் கோப்பி இருக்கிறது என்றால், எந்தப் பெட்டியிலிருந்து ஊற்றுகிறார்கள் என்று காட்டச் சொல்லுங்கள். பெட்டியைக் காட்டத் தயங்கும் கடையில் வெறும் கோப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.