பழைய இதழா, பளபள மறுபதிப்பா? காமிக்ஸுக்கும் சைடு ப்ராஜெக்ட் ஆல்பங்களுக்கும் ஒரு பாரபட்சமான ஒப்பீடு

அலமாரியில் இருந்த கனமான ஆம்னிபஸ் (பல இதழ்களைச் சேர்த்துப் போடும் பெரிய தொகுப்பு) புத்தகங்களில் பாதியை விற்றுவிட்டு, அந்தக் காசில் ஓரம் கிழிந்த எழுபதுகளின் மார்வல், டிசி இதழ்களை வாங்க ஆரம்பித்திருக்கிறேன். கூடவே, தொண்ணூறுகளின் சியாட்டில் ராக் ஆட்கள் தங்கள் சொந்தக் குழுவுக்கு வெளியே சேர்ந்து போட்ட ஆல்பங்களையும் பழைய சிடியாகவே தேடுகிறேன். அதே கதை, அதே பாட்டு, புதுசாகவே கிடைக்கும்போது எதற்கு இந்தப் பழசு என்று கேட்டவர்களுக்காக இது. நடுநிலை எதிர்பார்க்காதீர்கள், நான் பழசின் கட்சி.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ஆம்னிபஸ் என்றால் ஒரு தொடர் மொத்தமாக ஒரே இடத்தில் கிடைக்கும், இதழ் இதழாக அலைய வேண்டாம். ஆனால் தலையணை கனம், படுத்துக்கொண்டு படிக்க முடியாது. டிஜிட்டல்தான் எல்லாவற்றையும் விட மலிவு. பழைய இதழ் ஒன்று கிடைத்தால் அடுத்தது கிடைக்காது. சரி, இதெல்லாம் எவருக்கும் தெரியும். என்னை இந்தப் பக்கம் தள்ளியது வேறு ஒன்று: மறுபதிப்பு என்ற பெயரில் வருவது பல சமயம் அதே படைப்பே இல்லை.

நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய அமெரிக்க காமிக்ஸ் நியூஸ்பிரிண்டில், அதாவது செய்தித்தாள் காகிதத்தில், நாலு வண்ண அச்சில் வந்தவை. கறுப்பைத் தவிர்த்த மூன்று மைகளும் ஒவ்வொன்றும் மூன்று அடர்த்திகளில்தான் கிடைக்கும், அல்லது அந்த மை இல்லாமலே விடலாம். எல்லாக் கலவையும் சேர்த்து 64 நிறங்கள், அவ்வளவுதான் கலரிஸ்ட் கையில் இருந்தது. காகிதமும் வெள்ளை கிடையாது, லேசான பழுப்பு, மையை உறிஞ்சி மங்கவைக்கும். அது தெரிந்தேதான் அவர்கள் அடிக்கிற மஞ்சளையும் கொளுத்துகிற சிவப்பையும் போட்டார்கள். அதே நிறங்களை அதே அளவில் எடுத்துப் பளபளக்கும் வெள்ளைக் காகிதத்தில் அச்சிட்டால் பக்கம் கத்துகிறது. ஜாக் கிர்பி வரைந்த முகங்கள் நியூஸ்பிரிண்டில் தோல் மாதிரி இருக்கும், பல மறுபதிப்புகளில் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிறது. கோடு மாறவில்லை, எழுத்து மாறவில்லை, காகிதம் மட்டும்தான் மாறியிருக்கிறது, ஆனாலும் வேறு புத்தகத்தைப் படிக்கிற உணர்வு வந்துவிடுகிறது.

இது தெரியாமல் நடக்கிற மாற்றம். தெரிந்தே செய்கிறவையும் உண்டு. பேட்மேனின் கில்லிங் ஜோக் 1988-ல் வந்தபோது ஜான் ஹிக்கின்ஸ் நிறம் தீட்டியிருந்தார்: ஆரஞ்சும் ஊதாவும் பச்சையும் காய்ச்சல் கனவு மாதிரி இருக்கும். 2008-ல் ஓவியர் பிரையன் போலண்டே உட்கார்ந்து முழுதும் புதிதாக நிறம் தீட்டினார். இப்போது குளிர்ந்த, அடக்கமான நிறங்கள், பழைய நினைவுக் காட்சிகள் கிட்டத்தட்ட கறுப்பு வெள்ளை. வரைந்தவருக்கு அந்த உரிமை இல்லையா என்றால், இருக்கிறது. எனக்குப் பழைய காய்ச்சல்தான் வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு ஓவியர் நீல் ஆடம்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். தன் பேட்மேன் கதைகளைத் தொகுப்பாகப் போட்டபோது நிறத்தோடு நிற்காமல் கோடுகளிலும் கை வைத்தார். 1973-ல் வந்த பேட்மேன் 251-ஐ ஜோக்கருக்காகத் தேடுகிறவர்கள், அந்தத் தொகுப்பில் பார்ப்பது 1973-ன் பக்கங்களை அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

மாற்றாமலும் புதிதாக ஒன்றைத் தர முடியும். எக்ஸ்-மென் 137, 1980. கதையின் நாயகி ஜீன் கிரே ஒரு கிரகத்தையே அழித்துவிட்டாள், தண்டனை இல்லாமல் கதையை முடிக்க முடியாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் பிடிவாதம் பிடித்ததால், வரைந்து முடித்த கடைசிப் பக்கங்களை மாற்றி அவளைச் சாகடித்தார்கள். முதலில் வரைந்த முடிவை 1984-ல் தனி இதழாக வெளியிட்டார்கள். 137 அப்படியே இருக்கிறது, பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ரசிகனுக்கு இதைவிட நேர்மையான வியாபாரம் கிடையாது. சேர்த்தால் வரவேற்பேன், மாற்றினால் பழசுக்கே போவேன் என்ற என் அளவுகோல் இங்கிருந்துதான் வந்தது.

அப்புறம் பாட்டு. இதே அளவுகோலை இரண்டு ஆல்பங்களில் வைத்துப் பார்த்தால் இரண்டு வேறு பதில் வருகிறது. டெம்பிள் ஆஃப் தி டாக், 1991. மதர் லவ் போன் பாடகர் ஆண்ட்ரூ வுட் 1990-ல் இறந்துபோக, அவரோடு ஒரே வீட்டில் இருந்த சவுண்ட்கார்டன் பாடகர் கிறிஸ் கார்னெல் அந்தத் துக்கத்தில் எழுதிய பாட்டுகளில் ஆரம்பித்த ஆல்பம். வந்தபோது கவனித்தவர்கள் குறைவு. இதில் சேர்ந்தவர்களின் குழுக்களான சவுண்ட்கார்டனும் பேர்ல் ஜாமும் பெரிய ஆட்களான பிறகு 1992-ல்தான் ஓடியது. 25 வருடம் முடிந்ததற்காக 2016-ல் மறுபடி போட்டபோது பிரெண்டன் ஓ'பிரையன் மொத்த ஆல்பத்தையும் புதிதாக மிக்ஸ் செய்தார், அதாவது குரலையும் கருவிகளையும் மறுபடி சேர்த்துச் சமன் செய்தார். கருவிகள் பிரிந்து தெளிவாகக் கேட்கின்றன, குரல் பக்கத்தில் வந்துவிட்டது. புதிதாகக் கேட்கிற ஒருவர் இதுதான் நல்லது என்று சொன்னால் நான் சண்டை போடமாட்டேன். ஆனால் பழைய மிக்ஸில் குரலைச் சுற்றி இருக்கிற அந்தத் தாராளமான எதிரொலி, யாருமில்லாத பெரிய சர்ச்சுக்குள் ஒருவர் தனியாகப் பாடுவது மாதிரி இருக்கும், இரங்கல் ஆல்பத்துக்கு அது குறையாக எனக்குப் படவில்லை. பழைய சிடியைத்தான் வைத்துக்கொண்டேன்.

மேட் சீசன் நேர் எதிர். பாடகர் லேன் ஸ்டேலி, மைக் மெக்ரெடி, பாரெட் மார்ட்டின், ஜான் பேக்கர் சாண்டர்ஸ் நாலு பேரும் சேர்ந்து 1995-ல் போட்ட ஒரே ஸ்டூடியோ ஆல்பம், அபவ். இரண்டாவதற்குப் பதிவு செய்து வைத்த இசை பாடுவதற்கு ஆளில்லாமல் கிடந்தது. சாண்டர்ஸ் 1999-லும் ஸ்டேலி 2002-லும் இறந்துபோனார்கள். 2013 மறுபதிப்பில் மார்க் லேனகன் அதில் மூன்றுக்குப் பாடிக் கொடுத்தார், அசல் ஆல்பத்திலேயே பாடியிருந்த ஆள் என்பதால் அந்நியமாகவும் இல்லை. அசல் பத்துப் பாட்டும் அவற்றின் இடத்தில் இருக்க, 1995-ன் மூர் தியேட்டர் கச்சேரியும் கூடவே. இங்கே மறுபதிப்புக்குத்தான் என் ஓட்டு. வைனல் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், வீட்டில் டர்ன்டேபிள் இல்லை, நண்பர் வீட்டில் கேட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியாக இருக்காது.

பராமரிப்பில் மட்டும் பழைய கட்சி தோற்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. சிடியைப் பெட்டியில் போட்டு வைத்தால் போதும். நியூஸ்பிரிண்ட் மரக்கூழிலேயே தன் சாவைச் சுமந்து வருகிறது: அதில் இருக்கிற லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் காகிதத்தைப் பழுப்பாக்கி முறியவைக்கும், சூடும் ஈரமும் அதை வேகப்படுத்தும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ஸ்டேபிள் துருப்பிடிக்கும், ராமபாணப் பூச்சி வரும். சாதாரண பிளாஸ்டிக் உறையைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மைலார் என்ற பாலியெஸ்டர் உறை நாள்பட வரும் ஆனால் விலை கடிக்கும், பின்னால் வைக்கிற அட்டை அமிலமில்லாததாக இருக்க வேண்டும். இந்த வேலையெல்லாம் ஆகாது என்றால் ஃபேக்சிமிலி பதிப்புகள் இருக்கின்றன, பழைய விளம்பரம், வாசகர் கடிதம் உட்பட அப்படியே போடுகிறார்கள். காகிதம் மட்டும் புதுசு, அதனால் நிறத்தில் நான் சொன்ன பிரச்சினை பாதி இருக்கும்.

நம் ஊருக்கு இந்தச் சண்டை புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி மறுபதிப்பாகக் கிடைத்தாலும், பழைய இதழையே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். 

தொடர்ச்சியாகப் படிக்க வேண்டிய, கிறிஸ் கிளேர்மான்ட் எழுதிய காலத்து எக்ஸ்-மென் மாதிரி நீண்ட தொடர்களுக்கு நானும் ஆம்னிபஸ் வைத்திருக்கிறேன், தனித்து நிற்கிற இதழ்களுக்குத்தான் பழசு. தரம் குறைந்த பிரதியாகவே வாங்குங்கள், மறுவிற்பனையில் எதுவும் தேறாது, ஆனால் தயங்காமல் புரட்டிப் படிக்கலாம். 1974, 75 மார்வல் இதழ் என்றால் மட்டும் பணம் கொடுக்கும் முன் வாசகர் கடிதப் பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வேல்யூ ஸ்டாம்ப் என்று ஒன்றை அச்சிட்டு, வெட்டி ஆல்பத்தில் ஒட்டச் சொல்லிப் பிள்ளைகளை ஏவிவிட்டிருந்தார்கள். வுல்வரின் முதன்முதலாக முழுதாக வருகிற ஹல்க் 181-ல்கூடப் பல பிரதிகளில் அந்த இடத்தில் ஓட்டைதான். ஸ்டாம்ப் போனால் விலை நன்றாக இறங்கும், படிக்கிறவனுக்கு அது லாபம்தான். வெட்டிய இடத்தின் பின்பக்கம் விளம்பரமா, கதைப் பக்கமா என்பதை மட்டும் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.