செகண்ட் ஹேண்ட் பேட்டரி பேலட் டிரக் வாங்குகிறீர்களா? 'புது பேட்டரி' என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

செங்குன்றம் பக்கம் உள்ள எங்கள் குடோனுக்கு ஒரு ரீகண்டிஷன் வியாபாரியிடம் 2 டன் பேட்டரி பேலட் டிரக் எடுத்தோம். பேலட் என்னும் பலகைத் தட்டில் அடுக்கிய சரக்கை இரண்டு இரும்புக் கைகளால் (ஃபோர்க்) தூக்கி நகர்த்தும் வண்டி, நடந்துகொண்டே ஓட்டும் வகை. 24 வோல்ட், 210 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள பேட்டரி. "வண்டி ஃபுல் சர்வீஸ் முடிஞ்சது, பேட்டரி புத்தம் புதுசு, ஆறு மாசம் வாரண்டி" என்று சொல்லித்தான் விற்றார்கள். வந்த வாரமே, முழு சார்ஜோடு காலையில் எடுத்த வண்டி இரண்டாவது லாரியை இறக்கி முடிப்பதற்குள் லோடு தூக்க முடியாமல் நின்றது. பிரித்துப் பார்த்தால் பேட்டரியில் மட்டும் இல்லை, பிரேக்கிலும் டில்லர் (வண்டியை ஓட்டும் நீளக் கைப்பிடி) ஸ்விட்ச்சிலும் கைவைத்திருக்கிறார்கள். கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

முதலில் பேட்டரி. 24 வோல்ட் டிராக்‌ஷன் பேட்டரி (வண்டியை ஓட்டுவதற்கென்றே செய்தது) என்பது இரும்பு டிரேக்குள் வரிசையாக வைத்த 12 செல்கள், ஒவ்வொன்றும் 2 வோல்ட். எங்களுக்கு வந்த டிரேயில் பெயிண்ட் புதுசு, மேல் இணைப்புகளில் வேசலின் பளபளப்பு, மூடிகள்கூடப் புதுசு. ஆனால் செல்லின் மேல் அச்சடித்திருக்கும் தேதிக் குறியீட்டைச் சாணை பிடித்து அழித்திருந்தார்கள். இரண்டு செல்களின் மேல் நீட்டியிருக்கும் ஈய முனை மற்ற பத்தைவிட ஒரு விரல் அளவு உயரம் குறைவு. அதாவது, வேறு வேறு பழைய பேட்டரிகளில் ஓரளவு உயிர் இருந்த செல்களைப் பிடுங்கி ஒரே டிரேயில் சேர்த்திருக்கிறார்கள்.

வோல்ட் மீட்டர் இதைக் காட்டாது. சும்மா இருக்கும் செல்லின் வோல்டேஜ், அதன் ஆசிட் அடர்த்தியோடு 0.84 கூட்டினால் வருவது. அடர்த்தி 1.280 என்றால் செல்லுக்கு 2.12, பன்னிரண்டுக்கும் சேர்த்து 25.4 வோல்ட். பிளேட் பாதி செத்த செல்லும் ஆசிட் சரியாக இருந்தால் இதே 2.12-ஐக் காட்டும். அதைத் தெரிந்துகொண்டுதான் அடர்த்தி கூடிய ஆசிட்டை ஊற்றி விற்கிறார்கள். ஆசிட் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் விட்டுப் பார்த்தபோது எங்கள் பன்னிரண்டு செல்லும் 1.280-க்குக் குறையவில்லை. சல்ஃபேட் பிடித்த பிளேட்டில் ஆசிட்டின் ஒரு பகுதி ஈய சல்ஃபேட்டாகச் சிக்கிக் கிடக்கும். அதனால் முழுசாகச் சார்ஜ் ஏறிய பிறகும் அடர்த்தி ஏறாது. மேலே ஆசிட் ஊற்றினால் ரீடிங் ஏறும், பிளேட்டின் கொள்ளளவு திரும்பாது. பாசிட்டிவ் பிளேட்டைத் தாங்கும் ஈயச் சட்டம் (கிரிட்) இன்னும் வேகமாக அரித்துப்போகும். ஓடும் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதையும் ஊற்றக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

லோடு கொடுத்தால் உண்மை வெளியே வரும். விற்பவரின் இடத்திலேயே பத்து நிமிடத்தில் செய்யக்கூடியது இது: முழு சார்ஜ் ஆன வண்டியில் பேட்டரி மூடியைத் திறந்து வைத்து, 2 டன் பேலட்டைத் தூக்கச் சொல்லுங்கள். பம்ப் மோட்டார் ஓடும் அந்தச் சில நொடிகளில் மீட்டரை ஒரு செல்லில் வைத்துப் பாருங்கள். இறக்கிவிட்டு, மீண்டும் தூக்கி, அடுத்த செல். நல்ல பேட்டரியில் பன்னிரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, 1.9 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரு செல் மட்டும் தனியாகச் சரிந்தால் அதுதான் குற்றவாளி. எங்களுடையதில் பத்து செல் 1.88-லிருந்து 1.93 வரை, அந்தக் குட்டை செல்கள் இரண்டும் 1.61, 1.34. இப்படிப்பட்ட செல் மற்றவற்றுக்கு முன்பே காலியாகி, மற்ற செல்கள் தள்ளும் கரண்டில் தலைகீழாகச் சார்ஜ் ஆகிவிடும். அதன் பிறகு அது தேறாது, மற்ற பத்தையும் இழுத்துக்கொண்டுதான் போகும். மீட்டர் முனையோ ஸ்பேனரோ இரண்டு டெர்மினலைத் தொட்டு ஷார்ட் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாம் கழற்றி வைக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

நேரம் இருந்தால் முழு டிஸ்சார்ஜ் டெஸ்ட் எடுங்கள். டிராக்‌ஷன் பேட்டரியின் ஆம்பியர்-அவர் 5 மணி நேரக் கணக்கில் சொல்லப்படுவது. 210-ஐ ஐந்தால் வகுத்தால் 42 ஆம்பியர். அந்த லோடில் 5 மணி நேரம் ஓடியும் மொத்த வோல்டேஜ் 20.4-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் அது 210. லோடு பேங்க் (பேட்டரியிலிருந்து கரண்டை இழுத்துச் சோதிக்கும் கருவி) இல்லாவிட்டாலும் செய்யலாம். லாரி ஹெட்லைட்டுக்கான 24 வோல்ட் 70 வாட் பல்பு பதினான்கை இரும்புத் தகட்டில் பொருத்தி பேரலலாக இணைத்தால் 40 ஆம்பியரை ஒட்டி வரும். கிளாம்ப் மீட்டரில் பார்த்து ஒன்றிரண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டி, சாக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம், பல்பு தீயாகச் சுடும். எங்கள் பேட்டரி 1 மணி 50 நிமிடத்தில் 20.4-ஐத் தொட்டது. 77 ஆம்பியர்-அவர், சொன்னதில் 37 சதவீதம். 80 சதவீதத்துக்குக் கீழே போன டிராக்‌ஷன் பேட்டரியின் ஆயுள் முடிந்தது என்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். இந்தக் கணக்கில் 4 மணி நேரமாவது ஓட வேண்டும்.

டிரேக்குள் 12 வோல்ட் லாரி பேட்டரியோ இன்வெர்ட்டர் பேட்டரியோ இரண்டைச் சீரிஸில் வைத்து விற்பதும் உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் எண் பொதுவாக 20 மணி நேரக் கணக்கு. 5 மணி நேரக் கணக்கில் அது கணிசமாகக் குறையும். லாரி பேட்டரி ஸ்டார்ட்டுக்காகச் செய்தது, தினமும் 80 சதவீதம் இறக்கி ஏற்றுவதைத் தாங்காது. எடையும் குறைவு. வண்டியின் நேம் பிளேட்டில் பேட்டரியின் குறைந்தபட்ச எடை அச்சாகியிருக்கும். அந்த எடை டிரைவ் வீலின் பிடிப்புக்கும் பிரேக்குக்கும் கணக்குப் போட்டு வைத்தது. ஆகவே பேட்டரியைத் தனியாக எடை போடுங்கள்.

இன்னொரு சூது வண்டியின் சார்ஜ் மீட்டரில். சார்ஜ் 20 சதவீதத்துக்கு வந்ததும் தூக்கும் வேலையை நிறுத்திவிடும்படி அந்த மீட்டரை (டிஸ்சார்ஜ் இண்டிகேட்டர்) வண்டித் தயாரிப்பாளர்கள் செட் செய்திருப்பார்கள், ஆழமாக இறங்கி பேட்டரி சாகாமல் இருக்க. எங்கள் வண்டியில் அந்த இன்டர்லாக் வயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். பழைய பேட்டரியின் குட்டு சீக்கிரம் வெளிப்படக்கூடாதே!

இனி பிரேக். இதைப் படிக்காமல் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இந்த வண்டிகளில் இருப்பது ஸ்பிரிங் பிடிக்கும், கரண்ட் விடுவிக்கும் மின்காந்த பிரேக். கரண்ட் போனாலும் சாவியை எடுத்தாலும் பிரேக் தானாகப் பிடிக்க வேண்டும். பழுதான வண்டியைத் தள்ளிப் போவதற்காக, பிரேக்கைக் கையால் விடுவிக்கும் போல்ட்டுக்கான துளைகளைப் பல மாடல்களில் வைத்திருப்பார்கள். எங்கள் வண்டியில் அந்தப் போல்ட் இரண்டும் முழுசாக இறுக்கப்பட்டிருந்தன. காரணம், பிரேக் காயில் எரிந்திருக்கிறது. காயில் எரிந்தால் பிரேக் விடாது, வண்டி நகராது. புது காயில் போடாமல் போல்ட்டை இறுக்கி பிரேக்கையே இல்லாமல் செய்துவிட்டார்கள். சமதளத்தில் ஓட்டும் பட்டனை விட்டால் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் ஓட்டிப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. லாரி நிற்கும் டாக் சரிவில் 2 டன்னோடு நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால்தான் தெரியும். அப்போது கீழே ஆள் நின்றால் என்ன ஆகும்?

சோதனை எளிது. லோடு இல்லாத வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்து, சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்திவிட்டு, தோள் கொடுத்துத் தள்ளுங்கள். டிரைவ் வீல் சுற்றக்கூடாது. சுற்றினால் அந்த வண்டி வேண்டாம். பிறகு ஓடும்போது டில்லரை நேராக மேலே விடுங்கள், நிற்க வேண்டும். தரைப் பக்கம் முழுசாக அழுத்துங்கள், அப்போதும் நிற்க வேண்டும். நடுவில் வைத்துக் கையை எடுத்தால் கேஸ் ஸ்பிரிங் டில்லரைத் தானாக மேலே கொண்டுபோக வேண்டும். பாதியில் தொங்கினால் ஸ்பிரிங் செத்துவிட்டது, கையை விட்டாலும் பிரேக் பிடிக்காது. எங்கள் வண்டியில் டில்லர் அடியில் உள்ள, அதன் நிலையைப் பிரேக்குக்குச் சொல்லும் மைக்ரோ ஸ்விட்ச்சின் இரண்டு வயரையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள்.

டில்லர் தலையில் வயிற்றுப் பக்கம் இருக்கும் பெரிய பட்டன் பெல்லி ஸ்விட்ச். ஓட்டுபவர் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டால் அது வயிற்றில் படும். பட்டதும் வண்டி எதிர்ப்பக்கம் நகர வேண்டும். மிக மெதுவாக உங்களை நோக்கி ஓட்டி, பக்கவாட்டில் நின்றுகொண்டு உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அடைத்த இடத்தில் நின்று சோதிக்காதீர்கள். ஹாரன், எமர்ஜென்சி பட்டன், பெல்லி ஸ்விட்ச், டில்லரின் இரண்டு முனைகள், சாவி எடுத்தபின் பிரேக்: ஐந்தையும் வாங்கும்போது மட்டுமல்ல, ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். ஒன்று வேலை செய்யாவிட்டாலும் சாவியை எடுத்து, டேக் போட்டு ஓரமாக நிறுத்திவிடுங்கள்.

ஹைட்ராலிக்கிலும் ஒரு கோளாறு. டேங்க்கில் பிரேக் ஆயில் வாடை அடித்தது. இந்த வண்டிகளுக்கு 32 அல்லது 46 கிரேடு மினரல் ஹைட்ராலிக் ஆயில்தான். எது என்று மேனுவலில் இருக்கும். காரின் பிரேக் ஆயில் கிளைகால் வகை, அது பட்டால் நைட்ரைல் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். லோடைத் தூக்கி வைத்து ஃபோர்க் உயரத்தைச் சாக்பீஸால் குறித்து, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிய இறங்கினால் சீலோ வால்வோ போயிருக்கிறது. ஃபோர்க்கின் அடியில் உள்ள சிறு சக்கரமான லோடு ரோலரையும் கையால் சுற்றி, பேரிங் சத்தமும் பாலியூரித்தேன் உரிந்திருக்கிறதா என்பதும் பாருங்கள்.

கூடவே கொடுத்த சார்ஜரில் ஆட்டோ கட்-ஆஃப் இல்லை. இரவு முழுக்கப் போட்டுவிட்டால் பேட்டரி கொதித்து, தண்ணீர் வற்றி, ஹைட்ரஜன் வெளியேறிக்கொண்டே இருக்கும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறியில் பற்றும். 210-க்கு ஏறத்தாழ 30 ஆம்பியர் சார்ஜர், தானாகக் குறைத்து நிறுத்துவது வேண்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரி மூடி திறந்திருக்கட்டும், ஜன்னலும்தான். டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் முடிந்தபின் ஊற்றுங்கள். முன்பே நிரப்பினால் சார்ஜில் மட்டம் ஏறி ஆசிட் வழியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்னால் ஊற்றலாம்.

புகார் சொன்னதும் வந்த பதில்: "நீங்க தண்ணி சரியா ஊத்தல, ஓவரா டிஸ்சார்ஜ் பண்ணிட்டீங்க, வாரண்டி கிடையாது." பில்லில் 'பேட்டரி பேலட் டிரக், 1' என்று ஒரே வரி. பேட்டரியின் தயாரிப்பு, சீரியல், ஆம்பியர்-அவர் எதுவும் இல்லை. அதனால் பேச்சில் சொன்ன 'புதுசு' காகிதத்தில் எங்கும் இல்லை. நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று பலர் நினைப்பார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வணிக நோக்கத்துக்குப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகத் தொழில் செய்பவருக்குத்தான் விலக்கு. நிறுவனங்களுக்கு இருப்பது 1930 சரக்கு விற்பனைச் சட்டம். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்த வேண்டும் என்கிறது அதன் 15-ஆம் பிரிவு. ஆனால் மறுப்புத் தெரிவிக்காமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே ஆகிவிடும், அது 42-ஆம் பிரிவு. ஆகவே குறை தெரிந்த அன்றே மெயில் போடுங்கள். செல் ரீடிங்குகள், இறுகிய போல்ட், முறுக்கிய வயர் எல்லாவற்றையும் கைவைப்பதற்கு முன் தேதியோடு படம் எடுங்கள்.

ஆர்டர் எழுதும்போதே பேட்டரியைத் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்: தயாரிப்பாளர், 12 செல்லின் தேதிக் குறியீடு, 5 மணி நேரக் கணக்கில் ஆம்பியர்-அவர், எடை. டிஸ்சார்ஜ் டெஸ்டில் 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மாற்றித் தர வேண்டும் என்று ஒரு வரி. டெஸ்ட் முடியும் வரை ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளாத கடையில் பேச்சை நீட்டிக்க வேண்டாம். செத்த பேட்டரியை 'நாங்களே எடுத்துட்டுப் போறோம்' என்று அவர்கள் இலவசமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் ஈயம். கிலோ கணக்கில் விலை உண்டு. எடை போட்டு, 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்றவரிடம் ரசீதோடு கொடுங்கள். இல்லாவிட்டால் அதே செல்கள் புதுப் பெயிண்ட்டோடு இன்னொரு குடோனுக்குப் போகும்.