டிஸ்கஸ் மீனுக்கு 18,500 ரூபாய்: கூட்டுக் கொள்முதலுக்குப் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நேற்று இரவு ஐந்தாவது மீனும் செத்துப்போனது. அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன். சொற்களில் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வண்ணமீன் வளர்ப்பவர்கள் கூடிப் பேசும் கைப்பேசிக் குழு ஒன்றில், இரண்டு ஆண்டுகளாக நான் "அண்ணா" என்று அழைத்துவந்த ஒருவரிடம் 18,500 ரூபாயைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

மீன் வளர்ப்பில் பாதிப் பொருள்கள் காசில்லாமலேயே கைமாறும் என்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். கப்பி மீன்கள் பெருகினால் நண்பருக்கு ஒரு கவர் போகும், அவர் வீட்டு ஜாவா பாசியில் ஒரு கைப்பிடி நமக்கு வரும். புதிதாகத் தொட்டி வைத்தபோது, தம்முடைய ஓடும் பில்டரிலிருந்து ஓர் அழுக்கு ஸ்பாஞ்சைப் பேருந்தில் போட்டு மதுரைக்கு அனுப்பிவைத்தவர் இந்த அண்ணன்தான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நஞ்சைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அந்த ஸ்பாஞ்சிலேயே குடியிருந்ததால், நான்கைந்து வாரம் பிடிக்க வேண்டிய தொட்டி சில நாள்களிலேயே பக்குவமானது. அதற்கு அவர் ஒரு ரூபாய்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அந்த ஸ்பாஞ்சுதான் தூண்டிலில் கோத்த புழு என்று இன்றைக்குத் தோன்றுகிறது.

திருமணம் ஒன்றுக்காகச் சென்னை சென்றிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் கொளத்தூர் மீன் கடைத் தெருவில் அவரை முதன்முதலாக நேரில் பார்த்தேன். தேநீர் வாங்கிக் கொடுத்தார். என் தொட்டியின் படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உங்க தொட்டி டிஸ்கஸுக்கு ரெடி, இனிமே கப்பியோட நிக்காதீங்க" என்றார். தாய், தந்தை மீன்களின் உடலில் சுரக்கும் வழவழப்பையே குஞ்சுகள் கொத்தித் தின்று வளரும் அந்தக் காட்சியை என் வீட்டுத் தொட்டியில் பார்க்க வேண்டும் என்ற பல நாள் ஆசையையும் அவரிடம் ஏற்கெனவே சொல்லித் தொலைத்திருந்தேன். தாய்லாந்து மீன்கள் மொத்தமாக இறங்குவதாகவும், குழுவில் பலர் சேர்ந்து வாங்கும் கூட்டுக் கொள்முதல் என்றும், நான்கு அங்குல மீன் ஒன்று 3,000 ரூபாய் என்றும், ஆறு மீன்களுக்குப் பேக்கிங்கும் பேருந்துச் செலவும் 500 சேர்த்து 18,500 என்றும் கணக்குச் சொன்னார். நடைபாதையில் நின்றபடியே பணத்தை அனுப்பினேன். ரசீது கேட்க நாக்கு எழவில்லை. அண்ணனிடம் யார் ரசீது கேட்பார்கள்?

மூன்று முறை தேதி தள்ளிப்போன பிறகு, ஒருநாள் அதிகாலை ஐந்து மணிக்கு மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் பெட்டியை எடுத்தேன். வேறு யாருடைய முகவரியோ பாதி கிழிந்த நிலையில் ஒட்டியிருந்த பழைய தெர்மகோல் பெட்டி அது. அனுப்புவதற்கு முன் ஒரு நாளாவது மீனைப் பட்டினி போடுவார்கள். இல்லையென்றால் பைக்குள்ளேயே கழிந்து தண்ணீர் கெட்டுவிடும். இந்தப் பைகளில் தண்ணீர் மஞ்சளாகக் கலங்கி நாறியது. இரண்டு மீன்கள் ஏற்கெனவே மிதந்தன. மற்ற நான்கும் இரண்டரை அங்குலத்தைத் தாண்டாமல், கரிபிடித்த நிறத்தில், உடலுக்குப் பொருந்தாத பெரிய கண்களோடு கிடந்தன. வளர்ச்சி குன்றிய டிஸ்கஸுக்கு அந்தக் கண்களே சாட்சி. உடல் நின்றுபோனாலும் கண் வளர்ந்துகொண்டே இருக்கும்.

பெட்டியைத் திறந்ததை வெட்டில்லாத காணொளியாக எடுத்து அனுப்பினேன். முதல் நாள், "பார்க்கிறேன் தம்பி" என்றார். இரண்டாம் நாள், பைத் தண்ணீரோடு தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டு மணி நேரம் கலக்காததுதான் காரணம் என்றார். நீண்ட பயணம் வந்த பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, காரத்தன்மை ஏறி, அதுவரை அடங்கியிருந்த அம்மோனியா நஞ்சாக மாறும், அந்தத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் வைத்திருந்தால் நான்கும் அங்கேயே செத்திருக்கும் என்று நான் எழுதியதற்குப் பதில் இல்லை. அடுத்து மதுரைத் தண்ணீர் உப்பு என்றார், ஆர்.ஓ. தண்ணீர் கலக்கிறேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு, மீன் இறக்கியவர் வெளியூரில் இருக்கிறார் என்றார். பிறகு நீல டிக் வருவதும் நின்றது.

குழுவில் கேட்டேன். தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலுக்குக் குழு பொறுப்பல்ல என்றார்கள். அண்ணனின் கூட்டுக் கொள்முதல் அறிவிப்பைக் குழுவின் உச்சியில் குத்தி வைத்தவர்களும் இவர்கள்தான். ஒரு மணி நேரத்தில் என்னை நீக்கிவிட்டார்கள். அன்றிரவே இருவர் தனியாக அழைத்து, தங்களுக்கும் இதே கதிதான் என்றும், வெளியே சொன்னால் நாளைக்குச் செடியும் குஞ்சும் கிடைக்காது என்பதால் வாயை மூடிக்கொண்டதாகவும் சொன்னார்கள். அவர்கள் முன்பே வாய் திறந்திருந்தால் என் 18,500 ரூபாய் என்னிடமே இருந்திருக்கும். அம்மாவிடம் ஆறாயிரம் என்று குறைத்துச் சொன்னதற்கே, "மீனுக்கா இவ்வளவு?" என்று கேட்டார்; உண்மைத் தொகையை இன்னும் சொல்லவில்லை.

விரிவான அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டி அனுப்பாதீர்கள். அன்றைய தேதி எழுதிய தாளைத் தொட்டியருகே வைத்து, மீன் இரை எடுப்பதைக் காணொளியாகக் கேளுங்கள். அளவுகோலையும் வைக்கச் சொல்லுங்கள். வந்த மீனைப் பழைய மீன்களோடு விடாமல் சில வாரம் தனித்தொட்டியில் வையுங்கள். அதைச் செய்ததால்தான் என் பழைய மீன்கள் பிழைத்தன. ஏமாந்தது தெரிந்தவுடன் இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழையுங்கள். "அண்ணன் தருவார்" என்று ஒன்பது நாள் காத்திருந்துவிட்டு நேற்றுதான் நான் அழைத்தேன்.

மிஞ்சிய ஒரு மீன் ஹீட்டருக்குப் பின்னால் தலைகீழாகச் சாய்ந்து நிற்கிறது, ரத்தப் புழுவைப் போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த தொகுதி ஏஞ்சல் மீன்களுக்கு முன்பதிவு தொடங்கிவிட்டதாக இன்று காலை ஒரு நண்பர் சொன்னார். அந்த அறிவிப்பு உங்களுக்கும் வந்திருந்தால், பணம் அனுப்பாதீர்கள்.